என் கருமுட்டைகள் எங்கே போயின என்று கேட்டபோது

முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஊசியைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது, செலவைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது, என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஊரே இருக்கிறது. எடுத்த முட்டைகளில் சிகிச்சைக்குப் பயன்படாதவை என்ன ஆகின்றன, அவற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள யாரைக் கேட்க வேண்டும், அதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் அலைந்து, பணமும் தூக்கமும் தொலைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அடுத்துப் போகும் பெண்ணுக்காவது இது முன்கூட்டியே தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் குழந்தை தங்கவில்லை, எனக்குப் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி. மாத்திரை, விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ எல்லாம் முடித்து, 2023-இல் கொங்குப் பகுதியில் உள்ள ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தில் ஐவிஎஃப் செய்துகொள்ள முடிவெடுத்தோம். ‘பேக்கேஜ்’ என்று சொன்னது ஒன்றே முக்கால் லட்சம். ஊசி, ஸ்கேன், மயக்க மருந்து, உறைநிலையில் வைப்பது எல்லாம் தனிக் கணக்கு. கடைசியில் மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. என் நகைகள் கூட்டுறவு வங்கிக்குப் போயின. தினமும் ஒரே நேரத்தில் அடிவயிற்றில் ஊசி. போட்ட இடமெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும். பிசிஓடி இருப்பவர்களுக்கு முட்டைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்படும் ஆபத்து அதிகம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சொன்னது போலவே வயிறு உப்பி, மூச்சு விடவே சிரமமாக இருந்தது. இதையெல்லாம் சொல்லக் காரணம், அந்த முட்டை ஒவ்வொன்றும் எங்கிருந்து, என்ன விலைக்கு வந்தது என்று எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான்.

படிவங்களில் கையெழுத்து வாங்கியது ‘எக் பிக்-அப்’, அதாவது முட்டையை வெளியே எடுக்கும் நாள் அன்று காலையில். ராத்திரி முழுக்கப் பட்டினி. அறுவை அரங்க உடுப்பு போட்டாயிற்று, கையில் ஊசிக்குழாய் ஏற்றியாயிற்று. ஒரு கோப்போடு நர்ஸ் வந்தார். பக்கம் பக்கமாக ஆங்கிலம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் மஞ்சள் ஒட்டுக் காகிதம். “இங்க போடுங்க அக்கா, இங்கயும், கடைசிப் பக்கத்துல அண்ணன் போடணும்” என்று வேகமாகப் புரட்டினார். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும். ஆனால் வலது கையில் ஊசியோடு, இன்னும் கால் மணி நேரத்தில் மயக்கம் கொடுக்கப்போகிற நிலையில், யாரால் உட்கார்ந்து படிக்க முடியும்? முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசியான ட்ரிகர் ஊசி போட்டுச் சுமார் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். “நாளைக்குப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்ல அங்கே வழியே இல்லை. அந்த நேரத்தில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்வது நியாயமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால் முதலில் செய்ய வேண்டியது, ஊசி தொடங்கும் நாளிலேயே எல்லாப் படிவத்துக்கும் நகல் கேட்பது. பிக்-அப் அன்று தருவதைத்தானே முதல் ஸ்கேன் அன்றும் தர முடியும்? வீட்டுக்குக் கொண்டுவந்து, ‘ரிசர்ச்’ (ஆய்வு), ‘ட்ரெய்னிங்’ (பயிற்சி), ‘டிஸ்கார்ட்’ (அப்புறப்படுத்துவது) என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடிப் பாருங்கள். புரியாவிட்டால் தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் முயற்சி தங்கவில்லை. அந்த நாட்களைப் பற்றி எழுத இன்னும் மனம் வரவில்லை, விட்டுவிடுகிறேன். அப்புறம் வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கலாம் என்று என் கோப்பின் நகலை வாங்கினேன். அதில் ஆய்வகத் தாள் ஒன்று இருந்தது. அதுவரை எனக்குச் சொன்னதெல்லாம் “பத்தொன்பது முட்டை வந்தது, ரெண்டு நல்ல கரு கிடைச்சுது” என்பதுதான். தாளில் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு வரி. முதிர்ந்தவை 11, அவற்றில்தான் விந்தணுவை ஊசி மூலம் செலுத்தியிருந்தார்கள். பாதி முதிர்ந்தவை 3, எதிரே ‘டிஸ்கார்டட்’. முதிராதவை, ‘ஜி.வி.’ என்று குறித்தவை, 5. அவற்றுக்கு எதிரே நீல மையில், ஐந்து வரிக்கும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி போட்டு, ‘ரிசர்ச்’ என்று எழுதியிருந்தது. படிவத்தைப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில், உறைய வைப்பதற்கான கட்டண விவரத்துக்குக் கீழே, சிகிச்சைக்குப் பயன்படாத முட்டைகளையும் கருக்களையும் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் பயன்படுத்தச் சம்மதிக்கிறோம் என்று ஒரு வரி. ‘ஆம்’, ‘இல்லை’ என்று தேர்ந்தெடுக்கக் கட்டம்கூட இல்லை.

என் மாமியாரிடம் சொன்னதும் பதறிப்போனார். “வித்துப்போட்டாங்களோ என்னமோ சாமி!” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகளைப் பணத்துக்காக விற்ற வழக்கில் பெற்ற தாயே கைதானதும், வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார் பயன்படுத்தியதும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கருமுட்டை என்றாலே அந்த வழக்குதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் முதிராத முட்டையை அப்படியே இன்னொருவருக்குக் கருத்தரிக்கப் பயன்படுத்த முடியாது. முதலில் அதை ஆய்வகத்தில் முதிர வைக்க வேண்டும், அது எளிதல்ல. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் நிதானம் வந்தது. இன்னொரு சொந்தக்காரர், “ஏழு முட்டைக்கு மேல எடுக்கக் கூடாதாமே, பத்தொன்பது எப்படி எடுத்தாங்க?” என்று கிளப்பிவிட்டார். அந்த ஏழு என்ற வரம்பு தானம் தருகிறவர்களுக்கு. 23 முதல் 35 வயதுக்குள், வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் ஏழு முட்டை. தன் சிகிச்சைக்காகவே எடுத்துக்கொள்கிறவருக்கு அது பொருந்தாது. புகார் செய்யப் போகும் முன் இப்படிப்பட்ட விஷயங்களைப் பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம். ஒரு தவறான குற்றச்சாட்டைச் சேர்த்தால் போதும், சரியான கேள்வியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

மையத்தின் ஆலோசகரிடம் போனபோது, “அதெல்லாம் வேஸ்ட்டுங்க மேடம், எப்படியும் குப்பைக்குத்தான் போகும், இதுக்கு எதுக்குங்க டென்ஷன்?” என்றார். “வேஸ்ட்டுன்னா அதுல எதுக்குங்க ரிசர்ச்னு எழுதியிருக்கு?” என்று கேட்டேன். பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது ஆய்வு நடந்ததற்காக அல்ல. என்னிடம் முறையாகக் கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பேன். முதிராத முட்டையை ஆய்வகத்தில் முதிர வைக்கும் முறை நன்றாக வளர்ந்தால் என்னைப் போலப் பிசிஓடி உள்ளவர்களுக்கு இவ்வளவு ஊசி தேவைப்படாது. உடனே கீமோதெரபி தொடங்க வேண்டிய புற்றுநோயாளிப் பெண்களுக்கும் அது பெரிய உதவி. அந்த ஆராய்ச்சிக்கு முட்டை வேண்டும், அதைப் பெண்கள்தான் தர முடியும். தருகிறவளை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொள்வதுதான் என்னை வாட்டியது. உடம்பு என்னுடையது, வலி என்னுடையது, கடன் என்னுடையது, முடிவு மட்டும் வேறு யாரோ எடுப்பதா?

அப்புறம் சட்டத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இரவில் கணவர் தூங்கியதும் போனில் படிப்பேன். இந்தியாவில் இதற்கென்று இருப்பது 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம். 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதிகள் அதே ஆண்டு ஜூனில் வந்தன. எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. கருமுட்டையையோ கருவையோ ஆய்வுக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவது முழுத் தடை. நாட்டுக்குள் ஆய்வு செய்வதானாலும் விதித்த முறைப்படிதான் செய்ய வேண்டும். உறைநிலையில் உள்ள கருவைப் பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அழியவிட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு, இந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்த ஆய்வு நிறுவனத்துக்குத் தரலாம். ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவு இருந்தாக வேண்டும். பதிவுச் சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். பதிவேடுகளைக் குறைந்தது பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். இதுபோக, மனிதர்கள் சம்பந்தப்பட்ட எந்த மருத்துவ ஆய்வுக்கும், ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஆய்வு பற்றிய தகவல் தாளும் சம்மதப் படிவத்தின் நகலும் பங்கேற்பவரிடம் கொடுக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை பாதிக்கக் கூடாது. முட்டையைக் கருவாக்கி ஆய்வு செய்தால் பதினான்கு நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற வரம்பும் தனியாக இருக்கிறது.

சிகிச்சைக்குத் தரும் சம்மதம் வேறு, ஆய்வுக்குத் தரும் சம்மதம் வேறு. எனக்கு நடந்தது இரண்டையும் ஒரே கையெழுத்துக்குள் அடக்கியது. 2008-இல் உச்ச நீதிமன்றம், நோய் என்ன என்று உள்ளே பார்க்க வாங்கிய சம்மதத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை எடுத்தது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதைப் படித்தபோது என் கேள்வி ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை என்று தைரியம் வந்தது.

நடைமுறையில் எனக்குப் பெரிதும் உதவியது வேறொரு விதி. நோயாளி தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகளில் இருக்கிறது. வாயால் கேட்டவரை, “சார் லீவு”, “அடுத்த வாரம் வாங்க” என்றுதான் ஓடியது. ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளம் போனது. இந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிய பிறகுதான் ஆய்வகத் தாளின் எல்லாப் பக்கமும் கைக்கு வந்தன. ஆகவே போனில் பேசாதீர்கள், எழுதுங்கள். பேச வேண்டி வந்தால், பேசி முடித்ததும் “இன்று நீங்கள் சொன்னது இது” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

கடைசியில் ஆய்வகத் தலைவரே பேசினார். அதுவரை பார்த்தவர்களில் அவர்தான் நேராகப் பதில் சொன்னார். “ஆய்வுன்னு தனியா எதுவும் நடக்கலைங்க. புதுசா சேர்ந்த பசங்க நுண்ணூசி பிடிச்சுப் பழக அந்த மாதிரி முட்டையைத்தான் கொடுப்போம். தாள்ல ரிசர்ச்னு எழுதறது பழக்கமாப் போச்சு.” விந்தணு சேர்த்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மரபணுச் சோதனை? இல்லை. எப்போது அழித்தீர்கள்? அதற்குக் குறிப்பு இல்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் கேட்டதற்கு, ஆய்வே இல்லாததால் ஒப்புதலும் வாங்கவில்லை என்றார். இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. தாளில் ‘ஆய்வு’ என்று எழுதுகிறார்கள், கேட்டால் ‘பயிற்சி’ என்கிறார்கள். பயிற்சி என்றதும் நெறிமுறைக் குழு எட்டிப் பார்ப்பதே இல்லை. தாளில் ஆய்வு என்று இருப்பதால் பயிற்சிக் கணக்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் என் ஐந்து முட்டைகளும் யார் கண்ணிலும் படாமல் போய்விட்டன. ஆய்வகத்தில் கருவைக் கையாளும் இளம் கருவியலாளர்கள் பழகத்தான் வேண்டும், அவர்கள் கை பழகினால்தான் எங்களைப் போன்றவர்களின் கரு பிழைக்கும். அதையும் சொல்லிக் கேட்கலாமே.

இதை வெறும் உணர்ச்சியாக எடுத்துக்கொள்கிறவர்கள் தென்கொரியாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். குளோனிங் முறையில் மனிதக் கருத் தண்டு செல்களை (உடம்பின் எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடியவை) உருவாக்கிவிட்டதாக ஹ்வாங் வூ-சுக் என்ற விஞ்ஞானி 2004-லும் 2005-லும் அறிவித்து உலகப் புகழ் பெற்றார். பிறகு விசாரித்தபோது அந்த முடிவுகளே போலி என்று தெரிந்தது. அதற்காக 2,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். சில பெண்களுக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த இளம் பெண்களே முட்டை கொடுத்திருந்தார்கள். மேலதிகாரி முன்னால் அந்தப் பெண்கள் எப்படி மாட்டேன் என்று சொல்லியிருப்பார்கள்? அமெரிக்காவில் 1995-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஒரு மையத்தில், சிகிச்சைக்கு வந்த பெண்களின் முட்டைகளையும் கருக்களையும் அவர்களுக்கே தெரியாமல் வேறு பெண்களுக்குக் கொடுத்தது வெளியானது. பிரிட்டனில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கென்றே ஒரு ஆணையம் இருக்கிறது. மனிதக் கருவை வைத்துச் செய்யும் ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்துக்கும் அதனிடம் தனி உரிமம் வாங்க வேண்டும். நம் ஊரிலும் சட்டம் வந்துவிட்டது, அதைக் கண்காணிக்கும் வாரியங்கள் வந்துவிட்டன. மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரும் பெண் கேள்வி கேட்டால்தான் அந்தச் சட்டம் ஆய்வகத்தின் கதவு வரை வந்து சேரும்.

எங்களுக்கு அந்த மையத்தில் இன்னும் ஒரு கரு உறைநிலையில் இருந்தது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்திருக்க வருடத்துக்கு முப்பதாயிரம் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கருவுக்கும் அதே பதினோராம் பக்கம்தான் பொருந்தும் என்ற நினைப்பு வந்ததும் தூக்கம் போனது. வேறு மையத்துக்கு மாற்றலாம் என்று பார்த்தால், சொந்தக் கருவையும் முட்டையையும் சொந்தத் தேவைக்காக மாற்றவே தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதனால் முதல் வேலையாக நானும் கணவரும் கையெழுத்திட்டு, ஆய்வுக்கும் பயிற்சிக்கும் தந்ததாகச் சொல்லப்படும் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று கடிதம் கொடுத்தோம். கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்பு வரை சம்மதத்தைத் திரும்பப் பெறத் தம்பதிக்கு உரிமை உண்டு. கட்டண ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நாங்கள் போகவில்லை. வக்கீல் ஆலோசனைக்கே இருபதாயிரத்துக்கு மேல் போயிருந்தது, என் கணவர் “போதும்மா, உடம்பைப் பாரு” என்றுவிட்டார். மையத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் சுகாதாரத் துறைக்கும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பில் அல்ல, அந்தப் படிவத்தை மாற்ற வேண்டும் என்பதற்காக.

இரண்டாவது சுற்றுக்கு வேறு மையத்துக்குப் போனோம். முதல் நாளே மூன்று கேள்விகளைக் கேட்டேன்: ஆய்வுச் சம்மதம் தனித் தாளா? நெறிமுறைக் குழு எது, அதன் தொடர்பு எண் தாளில் இருக்கிறதா? வேண்டாம் என்றால் என் சிகிச்சையிலோ கட்டணத்திலோ ஏதாவது மாறுமா? அங்கே தமிழிலேயே தனித் தாள் வைத்திருந்தார்கள். முதிராத முட்டை, கருவுறாத முட்டை, வளர்ச்சி நின்ற கரு என்று ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை கட்டங்கள். கணவரோடு உட்கார்ந்து பேசி, முதிராத முட்டைக்கும் கருவுறாத முட்டைக்கும் ஆம் போட்டேன், கருவுக்கு இல்லை. பக்கத்தில் ‘விந்தணு சேர்க்கக் கூடாது’ என்று என் கையால் எழுதினேன். கருவியலாளர் அதைப் படித்துப் பார்த்து, கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.

பழைய மையத்துக்கு எழுத வேண்டியிருப்பவர்கள் என் கடிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: “எனக்கு இந்தத் தேதியில் எடுத்த கருமுட்டைகள் எத்தனை, ஒவ்வொன்றும் என்ன ஆனது என்பதற்கான ஆய்வகப் பதிவின் நகல் வேண்டும். ஆய்வுக்கோ பயிற்சிக்கோ பயன்படுத்தியிருந்தால் எதற்கு, யார் பொறுப்பில், எந்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு என்றும், விந்தணு சேர்க்கப்பட்டதா, எப்போது அழிக்கப்பட்டது என்றும் எழுத்தில் தெரிவிக்கவும். இனி என் எழுத்துப்பூர்வமான தனிச் சம்மதம் இல்லாமல் என் முட்டையையோ கருவையோ சிகிச்சை தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது.” தம்பதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.